அழிந்த கோடு

செல்வலட்சுமி கதிர்வீச்சு மேசையில் அசையாமல் படுத்திருக்கிறாள். பச்சை ஒளிக்கோடு, கதிர் விழவேண்டிய இடத்தைக் காட்ட அவள் மார்பில் வரைந்துள்ள மைக்கோட்டின் மேல் சரியாகப் படிகிறது. வாரம் ஒருமுறை எடுக்கும் சோதனைப் படத்திலோ விலா எலும்பு ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. மெஷினை இயக்கும் ஐஸ்வர்யா உள்ளே வந்து குனிந்து பார்க்கிறாள்.

"கோட்டைத் திருப்பி யாரு வரைஞ்சதுக்கா?"

"எங்க வீட்டுக்காரருதாம்மா. வேர்வையில அழிஞ்சிருச்சு. அச்சாபீஸ்ல ஒரு கலரு மேல இன்னொரு கலரு சரியா விழ மார்க்கு சேக்குறவுக, மயிரிழை பிசகாது."

"எம்புட்டு நாளாச்சு?"

"நாலு நாளு."

"நாலு நாளும் கதிர் தள்ளித்தான் விழுந்திருக்குக்கா."

ஏசி ஒரே சீராக இரைகிறது. வெளியே பெஞ்சில் கணவர் முனியராஜ், மை அப்பிய விரல்களால் சட்டைப்பையிலுள்ள பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஐஸ்வர்யா டாக்டருக்குப் போன் போடுகிறாள். செல்வலட்சுமியின் கண்கள் கூரையிலேயே இருக்கின்றன.

"நான் அசையவே இல்லையேம்மா," என்கிறாள்.