உட்கார்ந்து காட்டும் முதலாளி

கட்டில் கடைக்காரர் தேக்குக் கட்டிலின் நடுவில் ஏறி உட்கார்ந்து, இரண்டு முறை குதித்தும் காட்டிவிட்டார். வாங்க வந்த அம்மாள் மசியவில்லை.

“நீங்க உட்கார்ந்தா எந்தக் கட்டில்தான் தாங்காது?” என்றாள். “எங்க மருமகன் வாட்டசாட்டமான ஆளு.”

அந்தக் கடையில் உத்தரவாதச் சீட்டு என்று ஒன்று கிடையாது. முதலாளி ஏறி உட்காருவார், கட்டில் முனகாது, அதுதான் உத்தரவாதம். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. குண்டு முதலாளி கடை என்றால் வண்டிக்காரன் நேராகக் கொண்டுவந்து விடுவான்.

இரைப்பையைச் சுருக்கி அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு முதலாளியின் உடம்பு மளமளவென்று இறங்கியது. கட்டில்களின் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையும் கூடவே இறங்கியது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். அப்புறம் யார் கண் பட்டதோ, ஏழு வாரமாக எடை மெஷினின் முள் ஒரே இடத்தில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

குளித்துவிட்டு ஏறினார். குளிக்காமல் ஏறினார். மோதிரம், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மூச்சையும் வெளியே விட்டுவிட்டு ஏறினார். கண்ணாடி இல்லாமல் முள் தெரியவில்லை என்பதால் மறுபடி இறங்கி ஏறினார்.

“உடம்பு கொஞ்சம் நின்னு நிதானிக்கும். எல்லாருக்கும் வர்றதுதான், பொறுமையா இருங்க” என்றார் டாக்டர்.

நிதானமாவது ஒன்றாவது! வயிற்றில் முக்கால்வாசியை வெட்டிக் கொடுத்தவனுக்குப் பேசிய சரக்கு முழுசாக வந்து சேர வேண்டாமா? பழைய ஆள் சட்டைக்குள் எங்கோ ஒளிந்துகொண்டு, எப்போது வெளியே வரலாம் என்று சமயம் பார்க்கிறான் என்ற பயம் அவரை அரித்தது.

அறுவைக்குப் பிறகு மனைவிதான் கல்லாவில் உட்காருகிறாள். “முள்ளைப் பார்க்காதீங்க, பேன்ட்டைப் பாருங்க” என்று அவள் அன்று காலையில் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை.

“தம்பி,” என்றாள் அந்த அம்மாள். “உங்க அண்ணனைக் கூப்பிடுங்க.”

“எந்த அண்ணன்?”

“அதாம்ப்பா, பெரிய முதலாளி. எங்க அக்காவுக்குக் கட்டில் வாங்க வந்தப்ப அவருதானே ஏறி உட்கார்ந்தாரு! கட்டில் அசையணுமே! மனுஷன்னா அவரு மனுஷன். சிரிச்ச முகம். உங்களுக்கும் அவரு ஜாடை இருக்கு, ஆனா அந்தக் களை இல்ல.”

கடைக்காரர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அக்காவுக்குக் கட்டில் விற்றவரும் இவரேதான்.

கால் கிலோ விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முள் ஏழு வாரமாக அடம்பிடிக்கிறது. இந்த அம்மாளோ ஒரு முழு ஆளையே அப்படியே கழித்துக் கொடுத்துவிட்டாள். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. கூடவே, அந்தச் சிரித்த முகத்து அண்ணன் மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“அண்ணன் இனிமே வரமாட்டாருங்க” என்று வந்தது.

அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். “அடக் கடவுளே! எப்போ?”

“எட்டு மாசம் ஆச்சு.”

ஆபரேஷன் மேஜையில் படுத்து எட்டு மாதம். வியாபாரத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

“ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

“இல்லம்மா. மயக்க ஊசி போட்டுட்டாங்க. ஒண்ணுமே தெரியல.”

சொல்லிவிட்டு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்ட ஆள்.

அதற்குமேல் அந்த அம்மாளுக்குப் பேரம் பேச மனம் வரவில்லை. சொன்ன விலைக்கே கட்டிலை எடுத்துக்கொண்டாள்.

கல்லாவில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் கெட்டது காரியம்.

அம்மாள் போகிற போக்கில் அந்தத் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

“மூத்தாருக்காக இப்படி அழுற பொண்ணை இந்தக் காலத்துல எங்க பார்க்கிறது! கொடுத்து வெச்சவரும்மா அவரு.”