நம் நாட்டுத் தாள்

"நம்ம நாட்டுத் தாள் இருக்கா டெலியாக்கா? ரெண்டே ரெண்டு போதும். இங்கிலாந்துச் சரக்கை நீட்டிடாதீங்க!"

நொண்டிக்கொண்டே கடைக்குள் வந்தான் மலாக்கி. இடது புருவத்தில் நாலு தையல். கண் வீங்கிப் பாதி மூடிக் கிடந்தது. அயர்லாந்தின் கில்பிராக் ஊர்க் கால்பந்து அணிக்கு அவன்தான் தலைவன். வேறு யாரும் முன்வராததால் செயலாளரும் அவனே.

டெலியா தேயிலை நிறுத்துக்கொண்டிருந்தாள். மளிகைக் கடை, தபால் ஆபீஸ் இரண்டும் அவளுடையதுதான்.

"தாள் எதுக்கு? போப்பாண்டவருக்குக் கடுதாசியா?"

"மாவட்டக் குழுவுக்கு. ஆட்சேபணை மனு."

"ஒரு புள்ளியில தோத்ததுக்கா இவ்வளவு?"

"ஒரு புள்ளிங்கிறதாலதான்க்கா வயிறு எரியுது!"

அது ஐம்பத்து நாலாம் வருஷத்து ஆகஸ்ட் மாதம். முந்தின நாள்தான் டிரம்கார் ஊர் அணியோடு அரையிறுதி. ஒரு தரம் தோற்றால் அந்த வருஷம் மூட்டை கட்ட வேண்டிய போட்டி அது. கில்பிராக் இறுதியாட்டத்துக்குப் போய் முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. மலாக்கிக்கு முப்பத்தாறு வயது. அடுத்த வருஷம் முழங்கால் பேச்சுக் கேட்காது என்பது அவனுக்கே தெரியும்.

"டிரம்கார்ப் பயலுக எவனையோ இறக்குமதி பண்ணிட்டானுங்க. ஜான் ஸ்மித்னு பேராம். ரெண்டு கோல் போட்டான், ஒண்ணுக்கு மூணு புள்ளி! என் புருவத்தையும் பேத்துட்டான். டிரம்கார்ல எந்த வீட்ல ஸ்மித் இருக்கான், நீங்களே சொல்லுங்க?"

"அந்த ஊருக்கு ஸ்மித்னு ஒரு கடுதாசியும் வந்ததில்ல."

"பார்த்தீங்களா! அவன் குருமடத்துல படிக்கிறவன்க்கா. லீவுக்குக் கூட்டாளி வீட்டுக்கு வந்தவனைப் பிடிச்சு ஆட்டத்துல இறக்கிட்டானுங்க. நேத்து ராத்திரி அவனுங்கள்ல ஒருத்தன் குடிச்சிட்டு உளறிட்டான். சாமியாராகப் போறவன் போட்டியில ஆடக்கூடாதில்ல? அதான் பொய்ப் பேரு."

"அடப் பாவமே."

"என்ன பாவம்? குழு முன்னாடி நிறுத்தி நெசப் பேரைச் சொல்ல வைக்கிறேன். பெட்டியைக் கையில கொடுத்துக் குருமடத்தை விட்டே அனுப்பிடுவாங்க. அனுப்பட்டுமே! என் கடைசி வருஷத்துல மண்ணை அள்ளிப் போட்டான்ல?" மலாக்கி புருவத் தையலைத் தொட்டுப் பார்த்தான். "அந்தக் கோணல் மூக்கை ஆயிரம் பேருக்கு நடுவுல பார்த்தாலும் அடையாளம் சொல்லிடுவேன்."

டெலியா தேயிலைப் பொட்டலத்தை மடித்து நூல் சுற்றினாள்.

"சரி, தாளுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?"

"சட்டம்க்கா. மனு அயர்லாந்துல செஞ்ச தாள்ல இருக்கணும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உள்ள எழுத்து தெரியும்ல, அதைப் பார்ப்பாங்க. வேற நாட்டுத் தாள்னா படிக்காமலே கடாசிடுவாங்க."

"இரு, மேல்தட்டுல இருக்கு."

ஏணி போட்டு ஏறி, இரண்டு தாள்களை எடுத்து, ஏப்ரனில் தூசி துடைத்து நீட்டினாள். இருபது வருஷமாக அவளிடம் தேயிலை வாங்குகிறவன் மலாக்கி. ஒரு இலை குறைந்ததில்லை. அதனால் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேஜையிலேயே வைத்து எழுத ஆரம்பித்தான். அவளே பேனாவும் கொடுத்தாள்.

"மூணாவது வரியில ஒரு எழுத்தை முழுங்கிட்ட பாரு" என்றாள் எதிர்ப்பக்கத்தில் நின்றபடி.

"தலைகீழா எப்படிக்கா படிக்கிறீங்க?"

"தபால் ஆபீஸ் வச்சிருக்கேன் மலாக்கி. ஊரார் எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாத்தானே தெரியும்!"

மலாக்கி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

வியாழக்கிழமை மாவட்டக் குழு கூடியது. தலைவர் மனுவைப் படிக்கவில்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தாளின் நடுவே 'லண்டன்' என்று அழகாகத் தெரிந்தது.

"தள்ளுபடி. அடுத்தது?"

அறையே சிரித்தது. டிரம்கார் ஆட்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மறுநாள் மலாக்கி கடையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. கண்தான் கலங்கியிருந்தது.

"என் தப்புப்பா" என்றாள் டெலியா. "வயசாச்சு. கண்ணு சரியாத் தெரியமாட்டேங்குது."

"நீங்க என்ன பண்ணுவீங்க? நான்தான் தூக்கிப் பார்த்திருக்கணும்."

அவள் சூடாகத் தேநீரும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். இறுதியாட்டத்திலும் ஜெயித்து டிரம்கார் வெற்றிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. இனி ஆட்டம் இல்லை என்று மலாக்கி பூட்ஸைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அடுத்த ஜூனில் ஒரு ஞாயிறு. குருப்பட்டம் பெற்று ஒரு வாரமே ஆன புதுக் குரு ஒருவர் கில்பிராக் கோயிலில் பூசை வைக்க வந்திருந்தார். புதுக் குருவின் கையால் ஆசீர் வாங்குவது பெரும் பேறு. பூசைக்குத் தாமதமாக வந்து வாசலோரம் நின்ற மலாக்கியும் மற்றவர்களோடு வரிசையில் நகர்ந்தான். முறை வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி மண்டியிட்டான்.

இரண்டு கைகள் தலைமேல் இதமாகப் பதிந்தன. ஜெபம் முடிந்தது. ஆமென் சொல்லி நிமிர்ந்தான்.

கோணல் மூக்கு!

இளம் குருவின் பார்வை மலாக்கியின் புருவத் தழும்பில் நின்றது.

மலாக்கி மெல்லத் திரும்பினான். அங்கே புதுத் தொப்பியும் நனைந்த கைக்குட்டையுமாக டெலியா நின்றிருந்தாள்.

"என் தங்கச்சி மகன்" என்றாள் மெதுவாக. "கண்ணு எனக்கு நல்லாத்தான் தெரியும், மலாக்கி."