கொன்றது கம்பவுண்டர்தான்

கொலை செய்தது கம்பவுண்டர் இல்லை.

மெக்கானிக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தார். இல்லவே இல்லை. கம்பவுண்டர் பாவம், எறும்பைக்கூட மிதிக்காத ஆள். செய்தது அண்ணிக்காரி.

அப்படியென்றால் அந்தப் படுபாவி பொய் சொல்லியிருக்கிறான்.

இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகிறது, மற்றொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அந்தக் கையை அசைக்கக் கூடாது. முப்பது வருஷம் லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறி நின்று வேலை பார்த்த மனுஷனை ஒரு நாற்காலியில் கட்டிப்போட்டாயிற்று. மிஞ்சியது வலது கையும் அதில் பிடிக்க ஒரு புத்தகமும்தான்.

அதிலும் மண்ணை அள்ளிப் போட்டான் பக்கத்து நாற்காலி லாரிக்காரன்.

ஊசி குத்தும்போது நர்ஸம்மா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "என்ன புத்தகம் ஓடுது? எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

வலி தெரியாமல் இருக்க அவள் பிடித்த வழி அது. கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும். மூலை நாற்காலி டீச்சர் மட்டும் சமையல் புத்தகத்தைக் கதை மாதிரிச் சொல்வார். ஒரு சிட்டிகை உப்புக்கு வழியில்லாத உடம்பு அவருக்கு.

முதல் நாள் மெக்கானிக்கிடமும் கேட்டாள். மகள் பையில் போட்டு அனுப்பிய புத்தகத்தைப் பற்றி வேண்டாவெறுப்பாக இரண்டு வரி சொன்னார். பிறகு, "கதை கெடக்கட்டும் சிஸ்டர். இதோட சரி. இனிமே நான் வரமாட்டேன்" என்றார்.

பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியும் திமிருமாகச் சாய்ந்து கிடந்தவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அதுவா? கொன்னது கம்பவுண்டர்தான். இதுக்குப் போயி முந்நூறு பக்கமா!"

மெக்கானிக்குக் காது மடல் சுட்டது.

வீட்டுக்குப் போயும் கொதிப்பு அடங்கவில்லை. அவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்காகவே அடுத்த தடவை வந்தார். கேட்டார். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு இரண்டாவது புத்தகத்தின் முடிவையும் போட்டு உடைத்தான்.

அப்படியே ஒன்பது புத்தகம். முடிவு தெரிந்த கதையை எவன் படிப்பான்? ஒன்பதையும் பாதியில் மூடினார். பெயர் தெரியாமல் செய்தித்தாளில் அட்டை போட்டுக் கொண்டு வந்து பார்த்தார். பலிக்கவில்லை. அன்றைக்கு அவனைத் திட்ட வேண்டியதைப் பஸ்ஸிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வருவார்.

எட்டு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இன்று காலை மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "பாதில மூடுறவருக்குப் புதுசு எதுக்குப்பா?" என்று அந்த முதல் புத்தகத்தையே பைக்குள் திணித்தாள். வேறு வழியில்லாமல் விட்ட இடத்திலிருந்து படித்தார். படித்து முடித்தபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்க சிஸ்டர் அவன்? மூணு தடவையா ஆளையே காணோம். வரட்டும், இன்னைக்கு அவன் சட்டையைப் பிடிக்காம விடமாட்டேன்."

நர்ஸம்மா பக்கத்து நாற்காலிக்குப் புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிமே வரமாட்டாருங்க" என்றாள். சுருக்கமே இல்லாத விரிப்பை மறுபடியும் இழுத்துவிட்டாள்.

கரண்ட் போன லிஃப்ட் மாதிரி மெக்கானிக்கின் கோபம் நடுவில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

"அவ்வளவு புத்தகம் படிச்சவன், ஒரு முடிவாவது ஒழுங்கா சொன்னானா..."

"படிச்சாரா? அவருக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாற்காலிக்கே வருவாரு. நீங்க பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. அவர் வரும்போது அவன் உட்கார்ந்திருப்பான். அவர் கிளம்பும்போதும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துதான் இருப்பான். யாராவது வந்து கைபிடித்து அழைத்துப் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறான்.

அந்தக் கண்ணுக்குத் தெரியக் கூடாதென்றுதான் அட்டை போட்டார்.

புது ஆளைக் கூட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்ட முகம். நர்ஸம்மா ஊசியை எடுத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஏதோ ஒண்ணு, பொண்டாட்டி குடுத்து அனுப்பினா. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அவங்க தோட்டம் எரிஞ்சு போயிடுது. யாரு கொளுத்தினான்னு..." அவன் நிறுத்தினான். "விடுங்க சிஸ்டர். இன்னைக்கு ஒரு நாள்தான். நான் மறுபடி வரமாட்டேன்."

நர்ஸம்மா ஊசியை ஏற்றினாள்.

அந்தப் புத்தகத்தை மெக்கானிக் கண்ணால் கண்டதில்லை. அதன் பெயர்கூடத் தெரியாது.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எவ்வளவு திமிர் வருமோ அவ்வளவையும் முகத்தில் வரவழைத்துக்கொண்டார்.

"அதுவா? கொளுத்தினது தம்பிதான். இதுக்குப் போயி ஒரு புத்தகமா!"

புது ஆள் கையை அசைக்காமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பினான். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"யோவ் பெருசு! அறிவிருக்கா உனக்கு? இரு, வியாழக்கிழமை வருவேன்ல, அப்ப வச்சுக்கறேன் உன்னை."