ஐந்தேகால் பஸ்

“பாலம் விழுந்துடுச்சுப்பா,” என்றாள் மகள், பிஸ்கட்டை மென்றுகொண்டே.

என்ஜினீயரின் கையிலிருந்த டம்ளர் நழுவி, காப்பி சட்டையெல்லாம் கொட்டியது. ஆற்றுப் பாலம் அவர் கட்டியது. திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

“எந்தப் பாலம்? யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? நான்தானே கட்டினேன்.”

கம்ப்யூட்டரைக் காட்டினாள். ஊர் கட்டும் விளையாட்டு. தெரு, பள்ளிக்கூடம், மின்கம்பம் என்று அவளே பார்த்துப் பார்த்து வைத்த ஊர். நடுவே ஆறு. இரு கரையிலும் பாலத்தின் முனைகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. ஒரு குட்டி பஸ் தண்ணீரில் கிடந்தது.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “எப்படிம்மா விழுந்தது?”

“திறக்கறதுக்கு முன்னாடி பாரம் ஏத்திச் சோதிக்கணுமான்னு கேட்டுச்சு. யாரு காத்துக்கிட்டு இருக்கறதுன்னு, வேணாம்னு அமுக்கிட்டேன். நல்லாத்தான்பா ஓடிட்டிருந்துச்சு.”

அவர் கட்டிய பாலத்துக்கும் அது உண்டு. மணல் லாரிகளைப் பாலத்தில் வரிசையாக நிறுத்தி ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய சோதனை. விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, சோதனை முடிந்ததாகக் கையெழுத்தைப் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலதிகாரி. ஒரு லாரிகூட நிற்கவில்லை. இதே சாப்பாட்டு மேஜையில், மனைவி தட்டு வைத்துக்கொண்டிருக்க, “அதெல்லாம் சும்மா பேருக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மணி ஐந்து பத்து. மனைவிக்கு அக்கரையில் வேலை. ஐந்தேகால் பஸ் பாலத்தில் ஏறும். பாலம் வந்து வழி பாதியாகக் குறைந்தும் அவள் வீடு வந்துசேர ஆறரை ஆகிவிடுகிறது. கேட்டால், நெரிசல் என்பாள்.

நெரிசலென்றால் பஸ் பாலத்தின் மேலேயே நிற்குமோ?

போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது.

“ஏம்ப்பா இப்படி வேர்க்குது? விளையாட்டுதானே,” என்றாள் மகள்.

மூன்றாவது முறை மனைவி எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“பாலத்துமேல இருக்கியா? எதுவும் கேக்காத. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிடு.”



“நான் பழைய ரோட்டு பஸ்லதாங்க வரேன். ஊரைச் சுத்திக்கிட்டு.”

“இன்னைக்கு மட்டும் ஏன்?”

“அந்தப் பாலத்துல நான் ஒருநாளும் ஏறினதில்லீங்க. நீங்க கையெழுத்துப் போட்டப்ப பக்கத்துலதானே நின்னேன்.”