நம்ம ஆள்

ஒரு எருமையின் ஈரலில் வெள்ளையணு ஒன்று காவல் பார்த்துவந்தது. அந்நியன் எவனும் தன் மூக்குக்குத் தப்ப முடியாது என்று அதற்கு ஏகப்பெருமை.

எருமை குளத்தில் கிடந்தபோது தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு புழு உள்ளே நுழைந்தது. நுழைந்ததும் எருமையின் ரத்தத்தையே எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொண்டு ஈரலுக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளையணு முகர்ந்து பார்த்தது. எருமை வாசம்தான் அடித்தது.

"நம்ம ஆளா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! நான் உங்க ரத்தம்ணே," என்றது புழு. அதன் வாய் நிறைய ரத்தம்.

வெள்ளையணு உருகிப்போய், தங்குவதற்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தது.

நாளுக்கு நாள் எருமை இளைத்தது. "எவனோ உள்ளே புகுந்துட்டான்!" என்று வெள்ளையணு குதித்தது.

"அண்ணே, அந்தப் புழுவோட வாயைப் பாருங்க," என்றது, அங்கேயே பிறந்து வளர்ந்த ஈரலணு ஒன்று. பாவம், நோயில் அதன் வாசம் மாறிப்போயிருந்தது.

வெள்ளையணு அதை முகர்ந்தது. "அடப்பாவி, நீதானா அது!" என்று ஒரே வாயில் விழுங்கியது.

"சரியான ஆளைப் பிடிச்சீங்கண்ணே," என்றது புழு.

மறுநாள் எருமை எழுந்திருக்கவில்லை. அப்போதும் வெள்ளையணு, காவல் காப்பது எப்படி என்று புழுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தது.