முப்பது பர்சென்ட் போதும்

"மேடம், பவர் பெட்டி இஸ்திரிப் பெட்டி கணக்கா சுடுது! சீக்கிரம் ஏதாவது சொல்லுங்க!"

ஏணியின் நாலாவது படியில் நின்றபடி தையல்காரர் செல்போனில் அலறினார். கலர் மாறி ஓடும் பிக்சல் விளக்குச் சரம் விற்ற கம்பெனியின் உதவி நம்பர் அது. எடுத்த பெண்மணி கொஞ்சமும் பதறவில்லை.

"பெட்டியை எப்படி வெச்சிருக்கீங்க சார்?"

"மழை பட்டுடக் கூடாதுன்னு கெட்டித் துணியில உறை தைச்சு, பட்டன் போட்டு மூடியிருக்கேன்."

"அதுக்கென்ன குளிரா அடிக்குது, சட்டை போட்டுவிட? முதல்ல கழட்டுங்க. அதுக்குக் காத்து வேணும்."

கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி களுக்கென்று சிரித்தாள். "காலர் வேற வெச்சிருக்கார் மேடம்!" என்று போனுக்குக் கேட்கும்படி கத்தினாள்.

தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவின் ஆண்டு இறுதி விளக்குப் போட்டிக்கு ஏழு மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். இந்தத் தெருவுக்குக் குடிவந்த போன வருடம், சரியாக நடுவர்கள் வாசலில் வந்து நின்ற நேரம் பார்த்து அவருடைய சரம் கருகித் தொலைத்தது. அன்றிலிருந்து துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாம், "இஸ்திரி போடறப்ப பாத்து, கருக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். இன்றைக்கும் மானம் போனால், தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு தெரு பார்க்க வேண்டியதுதான்.

"கட்டினது போக மீதிச் சரம் எங்க சார்?"

"நூல்கண்டு மாதிரி அழகாச் சுத்தி மூலையில வெச்சிருக்கேன்."

"அதுவும் எரியுதா?"

"ஜெகஜோதியா!"

"ஐயோ, பிரிச்சு விடுங்க! சுத்தி வெச்சு எரியவிட்டா சூடு எந்த வழியாப் போகும்? வெளிச்சம் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"நூறு பர்சென்ட். பளிச்சுன்னு வெள்ளை."

"முப்பது போதும். கலர் கலரா ஓடவிடுங்க."

"முப்பதா? எதிர் வீட்டுப் பல் டாக்டர் நூறுல வெள்ளை போட்டு, வீடே பல்லைக் காட்டிச் சிரிக்கிற மாதிரி வெச்சிருக்கார். அது முன்னாடி என் வீடு அழுது வடியாதா?"

"அவரைப் பத்திக் கவலைப்படாதீங்க சார். அது அரை மணி தாங்காது."

"அவ்வளவு உறுதியாவா சொல்றீங்க?"

"இருபது வருஷ அனுபவம் சார். நீங்க சரத்தோட ரெண்டு முனையிலயும் கரண்ட் குடுங்க, அப்பத்தான் வால் வரைக்கும் சீரா எரியும். அப்புறம் பெட்டியைத் தொட்டுப் பாருங்க."

கணவனும் மனைவியும் மளமளவென்று எல்லாவற்றையும் மாற்றினார்கள். கால் மணி கழித்துத் தொட்டுப் பார்த்தால், பெட்டியில் வெறும் இளஞ்சூடுதான்.

ஏழு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். முதலில் எதிர் வீட்டின் முன்னால்தான் போய் நின்றார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, பளீரென்று எரிந்த சரத்தின் வால் மஞ்சளாகி, சிவந்து, இரண்டு தடவை கண் சிமிட்டி, மொத்தமாக அணைந்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை தெரு முழுக்க அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிய நடுவர்களுக்கு எதிரே, தையல்காரர் வீட்டில் பச்சையும் நீலமும் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தன.

முதல் பரிசு! தையல்காரர் தெருவென்றும் பார்க்காமல் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தார். மூச்சிரைக்க அதே நம்பரைக் கூப்பிட்டார். அதே குரல்.

"மேடம், ஜெயிச்சுட்டோம்! நீங்க மட்டும் இல்லன்னா என் கதை கந்தல்! பாவம், அந்த டாக்டர் ஏணி மேல நின்னு திருதிருன்னு முழிக்கிறார்!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்."

அடுத்து வந்த சத்தம் போனிலும் கேட்டது, எதிர் வீட்டு மாடியிலிருந்தும் கேட்டது.

"என்னங்க, இறங்குங்க! பொண்டாட்டி சொன்னாத்தான் காதுல ஏறாது. அந்தத் தையல்காரர்கிட்டயாவது போய்க் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்!"