எலுமிச்சை மூடி

குளியலறையின் ஸ்மார்ட் கண்ணாடி தினமும் வசுமதியின் முகத்தைப் பார்த்து, பூசிக்கொள்ளும் சீரத்தில் என்ன கலப்பது என்று சொல்லும். "பரு கூடியிருக்கு. கற்றாழையோட நியாசினமைடு ரெண்டு சொட்டு. எலுமிச்சை மட்டும் வேணாம். ராத்திரி தூங்கலையா?" நாள் முழுக்க அவளை யாராவது விசாரிப்பது அவ்வளவுதான்.

எட்டு வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. "இனி ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா போதும்" என்றது கண்ணாடி. மறுநாள் அவள் பேச்சுக் கொடுத்தும் வாய் திறக்கவில்லை. பளபளவென்று அவள் முகம்தான் தெரிந்தது.

எலுமிச்சம்பழத்தை நறுக்கி, ஒரு மூடியைக் கன்னங்களில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் நின்றாள்.

மூன்றாம் நாள் கண்ணாடி பதறியது. "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? யார் போடச் சொன்னா?"

வசுமதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்றேன்" என்றாள்.